பூப்பந்துக் களத்தில் ஒரு வீடு

பிறர் வீட்டை எட்டிப் பார்க்காதே என்று என் அம்மா முதுகில் நாலு போட்டுச் சொல்லியிருக்கிறாள். ரெங்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்து வீடுகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே அமைப்பு. ஆனாலும் பக்கத்து வீட்டில் அரிசி டின்னை எங்கே வைத்திருக்கிறார்கள், கதவுக்குப் பின்னால் என்ன தொங்குகிறது என்று பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அந்தப் பழக்கம் போகவே இல்லை. பிற்காலத்தில் அதற்கே எனக்கு மாதச் சம்பளம் கொடுத்தார்கள்.

செனாயில் ஒரு கூட்டுறவு அமைப்பில் வேலை பார்த்தேன். வாடகை வீட்டிலும் தோட்டத்து வீட்டிலும் காலம் தள்ளிய குடும்பங்களுக்கு மலிவு விலை வீடு கிடைக்கும்போது, சாவி கைக்கு வருமுன் அவர்களைத் தயார்ப்படுத்துவது எங்கள் வேலை. வங்கி, தவணை சமாசாரம் எல்லாம் வேறொருவர் சொல்லிக்கொடுப்பார். அந்த வகுப்பில் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். என் பங்கு, அவர்கள் இப்போது இருக்கும் வீட்டைப் போய்ப் பார்ப்பது, புது வீட்டில் எப்படி இருக்கப்போகிறார்கள் என்று அவர்களையே யோசிக்க வைப்பது, குடியேறிய பிறகு மறுபடியும் போய்ப் பார்ப்பது.

ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் என்னைப் பார்க்க, இப்போது என் வேலையைப் பார்க்கும் ஷாலினி போன மாதம் வந்தாள். கையில் புதுப் போன்.

"பத்மா ஆன்ட்டி, இனிமே நம்ம வகுப்பு எல்லாம் போன்லயே. இதப் பாருங்க, வீட்டுக்குள்ளயே நடந்து பாக்கலாம்."

நானும் விரலால் நடந்து பார்த்தேன். வரவேற்பறை, சமையலறை எல்லாம் அழகாகத்தான் இருந்தன. விரல் கொஞ்சம் வழுக்கியது, சுவருக்குள் புகுந்து பக்கத்து அறைக்கு வந்துவிட்டேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

"ஞானரத்தினம் சார் இருந்திருந்தா என்னைத் திருப்பி அனுப்பியிருப்பாரு," என்றேன்.

"யாரு, அந்தக் கயிறு கட்டுற சாரா? ஆபீஸ்ல இன்னும் அவரப் பத்திக் கதை கதையா சொல்றாங்க. அது எதுக்கு ஆன்ட்டி, கயிறு?"

தேநீர் ஆறும்வரை சொன்னேன். பாதிகூட முடியவில்லை. மீதியைச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தது தற்செயல். அதற்குமுன் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். நேர்முகத்தில் ஞானரத்தினம் சார் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"பிள்ளை, உங்கட வீட்டிலை மழை பெய்தால் சப்பாத்துகளை எங்கை வைக்கிறனீங்கள்?"

அவர் யாழ்ப்பாண வழி வந்த கிறிஸ்தவர். இந்த மலாய் மண்ணில் மூன்று தலைமுறை ஆகியும் அந்தப் பேச்சு விட்டுப் போகவில்லை. அரசாங்க நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்று எங்கள் அமைப்புக்குத் தலைமை ஏற்றிருந்தார். கேள்வி எனக்கு விளங்காவிட்டாலும் பதில் தெரியும். காலணியை வாசலில் வைத்தால் நனையும், உள்ளே வைத்தால் அப்பா திட்டுவார், ஆகவே மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் ஒரு பையில் போட்டு மாட்டுவோம் என்றேன். திங்கட்கிழமையே வரச் சொல்லிவிட்டார். பயிற்சி என்று தனியாக எதுவும் இல்லை. ஒரு வருடம் அவர் பின்னால் நடந்தேன், அவ்வளவுதான்.

இப்போது கயிற்றுக்கு வருகிறேன்.

எங்கள் வகுப்புகள் சனிக்கிழமைகளில் ஒரு சமூக மண்டபத்தில் நடக்கும். எல்லா மண்டபங்களையும் போல அங்கேயும் தரையில் பூப்பந்துக் களம் வரைந்திருக்கும். சார் காலையிலேயே வந்து, வலையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, எஃகு அளவு நாடாவால் அளந்து, சிவப்பு ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றைத் தரையோடு தரையாக இழுத்து ஒட்டுவார். முதலில் சுண்ணாம்புக் கட்டியால்தான் வரைந்தாராம். மண்டபக் காவலர் அவரோடு மல்லுக்கு நின்றதால் கயிற்றுக்கு மாறினார். வரப்போகும் வீடு எந்த அளவோ அதே அளவில் வரவேற்பறை, இரண்டு படுக்கையறைகள், சமையலறை, குளியலறை. கதவு இருக்கும் இடங்களில் மட்டும் கயிறு இருக்காது.

என் முதல் சனிக்கிழமை நான் கோப்புகளை அணைத்துக்கொண்டு அவரை நோக்கி நேராக நடந்தேன். அவர் கையை உயர்த்தினார்.

"சுவருக்குள்ளாலை வாறீங்கள் பிள்ளை. வாசல் அங்காலை."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் சுற்றிக்கொண்டு போய்க் கயிற்று வாசல் வழியாக நுழைந்தேன். அப்போதுதான் பார்த்தேன், அவருடைய சப்பாத்து கயிற்று வாசலுக்கு வெளியே ஜோடியாகக் கிடந்தது. நானும் செருப்பைக் கழற்றினேன். பிறகு வந்த குடும்பத்தாரும் ஒருவரும் சொல்லாமலேயே கழற்றினார்கள். அப்புறம் பார்த்தால் ஒரு பயலும் சுவருக்குள் நடப்பதில்லை. பிள்ளைகள் தாண்டினால் தாய்மார்களே அதட்டினார்கள்.

ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டுச் சாமான்களை அளந்து வரவேண்டும். அலமாரி எவ்வளவோ அந்த அளவுக்குப் பழைய அட்டையை வெட்டிக் கொண்டுவருவார்கள். கட்டில், மேசை, சாமி மேடை, அரிசி டின், எரிவாயு உருளை எல்லாம் அட்டைதான். அவற்றைக் கயிற்று வீட்டுக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். சார் ஒன்றும் சொல்லமாட்டார். எனக்கும் வாயைத் திறக்கத் தடை. என் வாயைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று புரியும்.

"அவையள் எங்கை நிண்டு சண்டை பிடிக்கினம் எண்டு மட்டும் பாருங்கோ. அதுதான் அந்த வீட்டின்ரை பிரச்சினை," என்பார்.

அவர் சொன்னது சரிதான். கண்ணாடி அலமாரி ஒன்றுக்காக ஒரு அம்மாவும் மகனும் அரை மணி நேரம் மல்லுக்கட்டியதைப் பார்த்திருக்கிறேன். அட்டையை எப்படித் திருப்பினாலும் படுக்கையறைக் கதவை மறைத்தது. புது வீட்டுக்கு வருமுன்னே அந்த அலமாரி விலைபோயிற்று.

இன்னொருவர் சிகாமட்டில் இருந்து வேலைக்காகச் செனாய் வந்தவர். ஆற்று வெள்ளத்தில் பலமுறை வீட்டை இழந்த குடும்பம். கயிற்று வீட்டுக்குள் வந்து நின்றவர், அறைகளையே பார்க்கவில்லை. "தண்ணி எதுவரைக்கும் ஏறும் சார்?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீடுகளோ மேட்டு நிலத்தில் கட்டப்பட்டவை. பக்கத்தில் ஓடைகூடக் கிடையாது. எனக்குச் சிரிப்பு வந்தது. சார் அவருடைய கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டார். அடுத்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றிய ஒரு மாலையில் அவரைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு கட்டுமான இடத்துக்குப் போனார். இரண்டு பேரும் குடை பிடித்துக்கொண்டு சாக்கடை ஓரம் நின்று, தண்ணீர் இறங்கிப் போவதைப் பார்த்தார்களாம். திரும்பி வந்தவர் அடுத்த சனிக்கிழமைதான் முதன்முறையாகக் கட்டில் அட்டையைக் கொண்டுவந்தார்.

அந்தச் சனிக்கிழமைகளில் ஒன்றில்தான் தேவிகாவும் சரவணனும் வந்தார்கள்.

சரவணனுக்குச் செனாயில் தொழிற்சாலை வேலை. கம்பத்தில், அதாவது பக்கத்துக் கிராமத்தில், ஒரு வாடகைப் பலகை வீட்டில் அப்பா, அம்மாவோடு இருந்தான். தேவிகா பாலர் பள்ளி ஒன்றில் உதவி ஆசிரியை. விண்ணப்பத்தில் கணவன், மனைவி என்று இருந்தது, வீடும் இருவர் பேரிலும்தான். ஆனால் வகுப்புக்கு வந்தது மூன்று பேர். இருவருக்கும் நடு நாற்காலியில் தேவிகாவின் அப்பா மாணிக்கம் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடம் ஒன்றில் ஜாகா வேலை, காவலாளி. மண்டபத்திலும் அதே வேலையைத்தான் பார்த்தார்.

அவர்கள் முறை வந்தது. சரவணன் அட்டைகளைத் தூக்கிக்கொண்டு நுழைந்தான். தேவிகா வரவேற்பறையில் நாற்காலி அட்டையை வைத்தாள். சமையலறையில் அடுப்பை இடம் மாற்றி மாற்றி வைத்தாள். அவன் பெரிய படுக்கையறைக்குள் போய்க் கட்டில் அட்டையைக் கீழே போட்டுவிட்டு, "இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று கேட்டான். அவள் வரவில்லை. கயிறு விட்டிருந்த அந்த இடைவெளிக்கு வெளியே நின்று, பெருவிரலால் தரையை அழுத்திக்கொண்டு, "எந்தப் பக்கம்னாலும் சரி," என்றாள்.

"உள்ள வந்து பாத்து சொல்லு."

"இங்கிருந்தே தெரியுது."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. மாணிக்கம் தொண்டையைக் கனைத்தார். அவள் முகம் கயிற்று நிறத்துக்குப் போய்விட்டது. நான்கு பக்கமும் திறந்த பூப்பந்துக் களம், சுற்றிலும் முப்பது நாற்பது பேர், தரையில் ஒரு பழைய அட்டை. அதற்குள் தன் கணவனோடு நிற்க அவளுக்குக் கால் வரவில்லை.

எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. இடைவேளையில் தேவிகாவைத் தேநீர்ப் பானை பக்கமாக ஓரங்கட்டினேன்.

"ஏம்மா, ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டின்னு போட்டிருக்கே?"

"ரெஜிஸ்டர் பண்ணியாச்சு அக்கா. கல்யாணம் இன்னும் ஆகல."

இந்த நாட்டுத் தமிழர்களுக்கு இது விளக்கம் தேவைப்படாத வாக்கியம். எங்களுக்குத் திருமணம் இரண்டு முறை நடக்கும். முதலில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. பிறகு நல்ல நாள், மண்டபம் எல்லாம் அமைந்ததும் கோயிலில் தாலி. இரண்டுக்கும் நடுவே பல மாதங்கள் ஓடும். அந்த மாதங்களில் சட்டத்துக்கு அவர்கள் தம்பதி. வீட்டுக்கோ அவள் இன்னும் 'பொண்ணு', அவன் இன்னும் 'மாப்பிள்ளை'. வீடு ஒதுக்கும்போது திருமணமானவர்களுக்கு முன்னுரிமை என்பதால் எத்தனையோ பேர் வீட்டுக்காகவே முதலில் கையெழுத்துப் போட்டார்கள். இவர்களும் அப்படித்தான். தாலி கட்டி, அதே வாரத்தில் புது வீட்டில் பால் காய்ச்சிக் குடிபோவது என்று முடிவு செய்திருந்தார்கள்.

சாவி வந்தது. திருமணத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது சரவணனின் அப்பா நெஞ்சு வலி என்று மருத்துவமனைக்குப் போனார். திரும்பி வரவில்லை.

சாவுக்கு நானும் போயிருந்தேன். அந்தப் பலகை வீட்டின் கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். அவருடைய மனைவி அஞ்சலை தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். தேவிகா அந்த அம்மாவின் தோளைத் தாங்கிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். அவள் பொண்ணா, மருமகளா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

கேள்வி பதினாறாம் நாளுக்குப் பிறகுதான் வந்தது. கொள்ளி வைத்த மகன் ஒரே பிள்ளை. தலைத் திவசம் முடியும்வரை, அதாவது ஒரு வருடத்துக்கு, அந்தக் குடும்பத்தில் நல்ல காரியம் எதுவும் கிடையாது. தாலி கட்ட முடியாது, பால் காய்ச்ச முடியாது. எங்கள் அமைப்பின் விதியோ, சாவி வாங்கிய ஆறு மாதத்துக்குள் உரிமையாளர் குடியேறியிருக்க வேண்டும் என்றது. பூட்டிக் கிடந்தால் வரிசையில் காத்திருக்கும் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். மலிவு விலை வீட்டை வாங்கிப் பூட்டி வைத்து, பிறகு வாடகைக்கு விடுகிறவர்களுக்காகப் போட்ட நல்ல விதிதான் அது. பூட்டியிருக்கிறதா, ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவள் நான். அந்த வீட்டுக் கதவைப் போய் மூன்று தடவை தட்டிவிட்டேன். தூசி படிந்த கதவு. சரவணன் குடும்பத்துக்கு அதுதான் முதல் சொந்த வீடு. அதை அவர்களிடமிருந்து எடுக்கும் கை என்னுடையதாக இருக்கப்போகிறதே என்று எனக்குப் பயமாக இருந்தது.

மாணிக்கம் ஒரு வழி சொன்னார். எங்காவது சின்னக் கோயிலில் சத்தமில்லாமல் தாலியைக் கட்டிவிடலாம். சரவணனின் பெரியப்பா சித்தப்பாமார் குதித்தார்கள். சரவணன் மட்டும் போய்த் தனியாக இருக்கட்டும் என்றால், கம்பத்து வீட்டில் அப்பா படத்துக்கு முன்னால் அவன்தான் தினமும் விளக்கேற்ற வேண்டும். பால் காய்ச்சாத வீட்டில், தீட்டுக்காரன் முதல் ஆளாகப் போய்ப் படுப்பதா என்று அதற்கும் ஒரு பேச்சு.

நான் மண்டையைக் குடைந்துகொண்டேன். ஒரு நாள் பேருந்தில் போகும்போது பளிச்சென்று வந்தது. சட்டப்படி தேவிகா உரிமையாளர். வழக்கப்படி அவளுக்குத் தாலி ஏறவில்லை, ஆகவே அவள் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவள் இல்லை, ஆகவே அவளுக்குத் துக்கமும் இல்லை. அவள் தன் அப்பா அம்மாவோடு போய்த் தாராளமாகப் பால் காய்ச்சி அந்த வீட்டில் குடியிருக்கலாம். இரண்டு பக்கமும் கணக்கு நேர்! எனக்கே என்னை மெச்சத் தோன்றியது. சாரிடம் ஓடினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல யோசனைதான். அந்தப் பிள்ளையிட்டைக் கேட்டனீங்களோ?"

கேட்டேன். பாலர் பள்ளி வாசலில் நின்று நான் சொல்லி முடிக்கும்வரை தேவிகா பொறுமையாகக் கேட்டாள்.

"அக்கா, மாமா ஆஸ்பத்திரில இருந்தப்ப யாரையும் கூப்பிடல. 'மருமகளே, தண்ணி குடு'ன்னு என்னைத்தான் கேட்டாரு. இப்ப வீட்டுக்காக, அவரு எனக்கு யாரும் இல்ல, எனக்குத் துக்கம் இல்லன்னு ஊருக்குச் சொல்லணுமா?"

"வீடு போயிடும்மா."

"போனா போட்டும் அக்கா. அப்புறம் நான் அந்த வீட்டுல யாரா இருக்கிறது?"

வீடு போகக்கூடாது என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அந்த வீட்டுக்கு மருமகளாகப் போக வேண்டும், மருமகள் இல்லை என்று சொல்லிக்கொண்டு அல்ல.

கெடு நெருங்கியது. அடுத்த தொகுதிக் குடும்பங்களுக்குக் கயிறு இழுத்திருந்த ஒரு சனிக்கிழமை, சார் சரவணன் குடும்பத்தையும் வரச் சொன்னார். எதற்கு என்று என்னிடம் சொல்லவில்லை. சரவணன், தேவிகா, மாணிக்கம் உள்ளே வந்தார்கள். அஞ்சலை அம்மா மட்டும் மண்டப வாசலுக்கு வெளியே, தூணோரம் நின்றுவிட்டார். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. உள்ளே மற்ற குடும்பத்தார் சிரித்துப் பேசிக்கொண்டு அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

நான் போய்க் கூப்பிட்டேன். "நல்லது நடக்கிற இடம். நான் இங்கயே இருக்கேன் தாயி," என்றார்.

சார் வந்தார். "அம்மா, இது இன்னும் வீடில்லை. வெறும் கயிறு. கயித்துக்குத் துடக்கு, தீட்டு ஒண்டும் இல்லை, வாங்கோ."

அஞ்சலை அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மெதுவாக உள்ளே வந்தார். கயிற்று வாசலில் எல்லோருடைய செருப்புகளும் வரிசையாக இருப்பதைப் பார்த்து, தன்னுடையதையும் கழற்றி ஓரமாக விட்டார். வாசல் வழியாக நுழைந்தார். நேராகச் சமையலறைக்குப் போனார். அங்கே குந்தி உட்கார்ந்து, கையால் சாண் போட்டு அளந்தார்.

"அடுப்பு எங்க வைக்கிறது?"

தேவிகா காட்டினாள். "இங்க அத்தை. சன்னல் பக்கம்."

"காத்துல தீ அணையும். இப்படித் தள்ளி வை."

பிறகு எழுந்து ஒவ்வொரு இடமாக நடந்தார். பெரிய படுக்கையறை வாசலில் ஒரு கணம் நின்று, உள்ளே போகாமல் திரும்பினார். கூடத்துக்கு வந்து சுற்றிப் பார்த்தார். நாங்கள் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை என்பதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும்.

"இங்க ரெண்டு பாய் விரிக்கலாம்," என்றார். "நானும் மருமகளும் படுத்துக்குவோம்."

சரவணன் விழித்தான். "என்னம்மா சொல்றீங்க?"

"அவ என் மருமக. அவளுக்கும் துக்கம்தான், எனக்கும் துக்கம்தான். துக்கக்காரங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கோம். விசேஷம் எதுவும் வேணாம். பால் காய்ச்சினாத்தான் விசேஷம். சோறு ஆக்கினா அது பசிக்கு. பசிக்குச் சோறு ஆக்க நாள் நட்சத்திரம் எதுக்கு? பாலை அடுத்த வருஷம் காய்ச்சிக்கலாம்."

"அப்ப நான்?"

"நீ கம்பத்து வீட்டுல இரு. அப்பாவுக்கு விளக்கேத்து. கொள்ளி வச்சவன் நீதானே. சாயங்காலம் வந்து சாப்பிட்டுட்டு போ."

தேவிகா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். எனக்கு அந்த விஷயத்தில் வெட்கமெல்லாம் கிடையாது.

எல்லோரும் மாணிக்கத்தைப் பார்த்தோம். தாலி கட்டாத பெண்ணை அனுப்ப வேண்டியவர் அவர். "சம்பந்தியம்மா கூட இருக்கிறதுன்னா சரி," என்றார். பிறகு சரவணன் பக்கம் விரலை நீட்டினார். "ஆனா ஏழு மணிக்கு மேல மாப்பிள்ளை மோட்டார் சத்தம் அந்தத் தாமான் வீடுங்க பக்கம் கேக்கக் கூடாது, லா."

அடுத்த வாரமே இரண்டு பெண்களும் குடியேறினார்கள். மாவிலை இல்லை, கோலம் இல்லை, யாருக்கும் அழைப்பு இல்லை. நான் பார்க்கப் போனபோது அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பு சன்னலை விட்டுத் தள்ளித்தான் இருந்தது. என் வழக்கப்படி எல்லாவற்றையும் எட்டிப் பார்த்தேன். கூடத்தில் இரண்டு பாய்களைச் சுருட்டி வைத்திருந்தார்கள். பெரிய படுக்கையறை மட்டும் சாத்தியிருந்தது.

"அத யாரும் பயன்படுத்தறது இல்லையா?"

"அத்தைதான் காலைல போயிப் பெருக்கிட்டு வருவாங்க," என்றாள் தேவிகா. பூப்பந்துக் களத்தில் பார்த்த அதே நிறம் முகத்தில் ஏறியது.

அலுவலகத்தில் ஒருவர் கிளப்பினார். கணவன் வேறு முகவரியில் இருக்கிறான், இது எப்படிக் குடியிருப்பு ஆகும் என்று. சார் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "உரிமையாளர் குடியிருக்க வேணும் எண்டுதான் விதி. தேவிகா உரிமையாளர். அவ குடியிருக்கிறா. சோறு வேகிறதை பத்மா கண்ணாலை கண்டிருக்கிறா." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அக்கம்பக்கத்தார்தான் பாவம், அவர்களுக்குத் தலை வெடித்தது. பக்கத்து வீட்டு மலாய் அம்மா என்னை நிறுத்தியே கேட்டுவிட்டார். அந்தப் பையன் தினமும் வருகிறான், சாப்பிடுகிறான், குழாயைச் சரிசெய்கிறான், இருட்டுமுன் ஹெல்மட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான், அவன் யார் என்று. வீட்டுக்காரன் என்றேன். அலாமாக், வீட்டுக்காரனை ஏன் வீட்டில் விடுவதில்லை என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மலாயில் அதை விளக்கிப் பார்த்தேன். அந்த அம்மா நான் அவரை ஏமாற்றுவதாகத்தான் நினைத்திருப்பார்.

ஒரு வருடம் அப்படியே ஓடியது. மாணிக்கம் அவ்வப்போது மாலை நேரத்தில் மகளைப் பார்க்க வருவார். வந்தால் கைக்கடிகாரத்தையும் சரவணனையும் மாறி மாறிப் பார்ப்பார். சரவணனுக்கு அவர் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனே எழுந்துவிடுவான்.

தலைத் திவசம் முடிந்தது. கோயிலில் தாலி கட்டினார்கள். அதே வாரத்தில் அந்த வீட்டில் பால் காய்ச்சினார்கள். சாருக்கும் எனக்கும் அழைப்பு. வாசலில் மாவிலை, கோலம், உள்ளே கால் வைக்க இடமில்லாத கூட்டம். பால் பொங்கி வழிந்தபோது அஞ்சலை அம்மா ஓரமாகத்தான் நின்றார். தேவிகா போய்க் கையைப் பிடித்து அடுப்புக்கு முன்னால் இழுத்து வந்தாள். பக்கத்து வீட்டு மலாய் அம்மாவும் வந்து பலகாரம் சாப்பிட்டுவிட்டு, இன்றைக்காவது அவனை விடுவீர்களா என்று என் காதில் கேட்டார்.

சாயங்காலம் ஆனது. கூட்டம் குறைந்து, நாங்கள் பத்துப் பேர்தான் இருந்தோம். வெளிச்சம் மங்க ஆரம்பித்ததும் சரவணன் எழுந்தான். பேச்சு நடுவே யாரையும் பார்க்காமல், கதவுக்குப் பின்னால் இருந்த ஹெல்மட்டை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்ச் சப்பாத்துக்குள் காலை நுழைத்தான். குனிந்து அதன் நாடாவைக் கட்டினான். "சரிம்மா, நான் கெளம்புறேன்," என்றான்.

பிறகு யாரோ ஒருவருக்குச் சிரிப்பு பீறிட்டது. அஞ்சலை அம்மா விறுவிறு என்று போய் அவன் கையிலிருந்த ஹெல்மட்டைப் பிடுங்கினார்.

"எங்கடா கெளம்புற?"

அவன் வாசலிலேயே, ஒரு காலில் சப்பாத்தோடு நின்றான். காதுவரை சிவந்துபோயிருந்தது. தேவிகா பெரிய படுக்கையறைக் கதவோரம் நின்று, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் நின்றது கதவுக்கு உள்பக்கம்.

மாணிக்கம் பழக்க தோஷத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"சரி. நாங்க கெளம்புறோம்," என்றார்.

அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கும் உறைத்தது. எல்லோரும் ஒரேயடியாகச் செருப்பைத் தேடினோம். அஞ்சலை அம்மா பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இன்றைக்குச் சம்பந்தி வீட்டில் படுக்கிறேன் என்று எங்களோடு இறங்கிவிட்டார். சார் தன் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய்த்தான் போட்டுக்கொண்டார்.

நான் கடைசி ஆளாக வெளியே வந்தேன். அந்தப் படுக்கையறைக் கதவு பாதி திறந்துதான் இருந்தது. ஒரு வருடம் சாத்திக் கிடந்த அறை, கட்டிலைக் கடைசியில் எந்தப் பக்கம் போட்டார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு எவ்வளவு ஆசை! தலையைக் குனிந்துகொண்டு நேராக நடந்து வந்துவிட்டேன். எந்தப் பக்கம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.